ஊர் எப்படி வளர வேண்டும் என்று யார் முடிவு செய்வது? குடியிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெருவில் தார் போட்ட பிறகுதான் ரோடு வாசற்படியைவிட உயர்ந்துவிட்டது என்று தெரிகிறது. ஏரிக்கரையில் அடுக்குமாடி எழும்பிய பிறகுதான் அந்த நிலத்தின் வகைப்பாடு எப்போதோ மாறிவிட்டது என்று தெரிகிறது. அப்புறம் மனு, மறியல், வழக்கு. இதையெல்லாம் கொஞ்சம் முன்கூட்டியே பேச வழி உண்டா என்று நலச்சங்கக் கூட்டத்திலும் டீக்கடையிலும் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையும் அதன் புறநகரும். ஆனால் சட்டங்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சி, நகராட்சிகளுக்கும் பொருந்தும்.

ஊர் வளரும் விதத்தை உண்மையில் முடிவு செய்வது யார்? கவுன்சிலர்தானே?

அப்படித்தான் பலரும் நினைக்கிறோம், அவரைத்தான் திட்டுகிறோம். அவர் கையில் இருப்பது குறைவு. சென்னைப் பெருநகரில் எந்த நிலம் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது திறந்தவெளி என்று வகுப்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ. அதன் தலைவர் மாநில அமைச்சர். மற்ற ஊர்களில் இந்த வேலை நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம், அதாவது டிடிசிபியிடம் இருக்கிறது. சென்னையில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்துக்கு. பெரிய சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறைக்கு. பெரிய ஏரிகள் நீர்வளத் துறைக்கு. மின்கம்பம் மின்வாரியத்துக்கு. மாநகராட்சிக்கு மிஞ்சுவது உள்தெரு, மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, இன்னும் சில.

இது இப்படி இருந்திருக்க வேண்டியதில்லை. 1992-ல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 74-வது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிடுகிறது. அதில் முதலாவதே நகரத் திட்டமிடல்தான். ஆனால் மாநில அரசு ஒப்படைக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது, ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. பெரும்பாலான மாநிலங்கள் மனமுவந்து அதிகாரத்தைக் கீழே இறக்கிவிடவில்லை.

ஆகவே குறை சொல்லப் போகும் முன், அது எந்த அலுவலகத்தின் வேலை என்று தெரிந்துகொள்வதில் ஒரு மணி நேரம் செலவழிப்பது வீண் அல்ல. தவறான மேசைக்குப் போன மனு தபால்காரர் மாதிரி அலுவலகம் அலுவலகமாகச் சுற்றிவிட்டுத் திரும்ப உங்களிடமே வரும்.

மாஸ்டர் பிளான் என்கிறார்களே, அதற்கும் என் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அரசு ஆவணங்களில் அதற்கு முழுமைத் திட்டம் என்று பெயர். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் தயாராகும் ஆவணம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாட்டை அது குறிக்கிறது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று. உங்கள் பக்கத்து மனையில் கல்யாண மண்டபம் வருமா, எதிர்த் தெரு அகலமாகுமா, பின்னால் இருக்கும் தாங்கல் (சிறிய ஏரி) தாங்கலாகவே இருக்குமா என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் எந்த நிறம் பூசப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சென்னைக்கு முதல் முழுமைத் திட்டம் 1976-ல் வந்தது. இரண்டாவது 2008-ல்தான் ஒப்புதல் பெற்றது. நடுவில் 32 ஆண்டுகள். அந்த இடைவெளியில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் என்ன ஆயின என்று அங்கே மழைக்காலத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டம் 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்கானது. அதற்கு முன்னோட்டமாக, நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் முயற்சி ஒன்றை சிஎம்டிஏ நடத்தியது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் இது புதிதல்ல. 1994-ஆம் ஆண்டுத் திட்டத்தை வைத்தே முப்பது ஆண்டுகள் ஓட்டி, 2041-ஐ இலக்காகக் கொண்ட வரைவு 2024-ல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது.

வரைவு வெளியானால் எவ்வளவு நாள் இருக்கும்? என்ன எழுதுவது?

முழுமைத் திட்டத்தின் வரைவை அறிவித்த பிறகு ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது சட்டம். இருபது ஆண்டுக்கான திட்டத்துக்கு இரண்டு மாதம். அதிலும் முதல் மாதம் வரைவு வெளியானதே தெரியாமல் போய்விடும். கடைசி வாரத்தில் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

எழுதும்போது பலர் செய்வது, ‘சென்னை பசுமையான நகரமாக வேண்டும், நீர்நிலைகளைக் காக்க வேண்டும்’ என்று எழுதுவது. யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் எதையும் மாற்றவும் மாட்டார்கள். அதற்குப் பதிலாகக் கிராமத்தின் பெயர், சர்வே எண், வரைபடத் தாளின் எண், அதில் என்ன குறித்திருக்கிறது, நேரில் என்ன இருக்கிறது, எப்படித் திருத்த வேண்டும் என்று எழுதுங்கள். வரைபடம் ஓடையைக் காட்டாமல் விட்டிருந்தால் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டு (நில விவரப் பதிவேடு) நகலையும் நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் இணையுங்கள். இவற்றை அரசின் இணைய சேவையிலேயே எடுக்கலாம். ஒரு கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கை இருக்கட்டும். பத்துக் கோரிக்கை இருந்தால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

இருநூறு பேர் கையெழுத்திட்ட ஒரே மனு நல்லதா, இருநூறு தனி மனுக்கள் நல்லதா என்றும் கேட்கிறார்கள். எண்ணிக்கையைக் காட்ட வேண்டுமானால் தனித்தனி மனு. ஆனால் எல்லாமே நகலெடுத்த மாதிரி இருந்தால் ஒன்றாகவே கட்டி வைத்துவிடுவார்கள். அவரவர் தெருவின் விவரத்தை அவரவர் எழுதினால் அப்படிச் செய்வது கடினம்.

திட்டம் முடிவான பிறகு அது அப்படியே இருக்குமா?

இருக்காது. பெரிய மாற்றங்கள் பல, திட்டம் வந்த பிறகு தனித்தனியாகத்தான் நடக்கின்றன. ஒரு நிலத்தின் உரிமையாளர் விவசாயப் பயன்பாட்டிலிருந்து குடியிருப்புக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பிப்பார். அதற்கு ஆட்சேபணை உண்டா என்று நாளிதழில் ஒரு விளம்பரம் வரும். பொடி எழுத்தில், சர்வே எண்ணும் கிராமத்தின் பழைய பெயரும் போட்டு வரும். உங்கள் நகருக்குக் கட்டுமான நிறுவனம் வைத்த பெயர் அதில் இருக்காது. ஆகவே உங்கள் பகுதி எந்த வருவாய்க் கிராமத்தில் வருகிறது என்பதையும் சுற்றியுள்ள நீர்நிலை, மேய்க்கால், திறந்தவெளி நிலங்களின் சர்வே எண்களையும் நலச்சங்கம் எழுதி வைத்திருக்க வேண்டும். பேப்பர் படிக்கும் ஓய்வுபெற்றவர் ஒருவர் எல்லா நகரிலும் இருப்பார். அந்த விளம்பரங்களைப் பார்ப்பது அவர் பொறுப்பு என்று விட்டுவிடலாம்.

பகுதி சபா என்றால் என்ன? கிராம சபை மாதிரியா?

நகரத்துக்கான கிராம சபை என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். ஜவஹர்லால் நேரு பெயரிலான மத்திய அரசின் நகரப் புதுப்பிப்புத் திட்டம் 2005-ல் வந்தபோது, பணம் வேண்டுமானால் மக்கள் பங்கேற்புச் சட்டம் இயற்று என்று மாநிலங்களுக்கு நிபந்தனை போட்டது. தமிழ்நாடு 2010-ல் சட்டத்தைத் திருத்தியது. விதிகள் 2022-ல் வந்தன. நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள் எங்கே போயின என்று கேட்காதீர்கள். அதில் 2016-க்கும் 2022-க்கும் இடையே நகர்ப்புற உள்ளாட்சிகளில் கவுன்சிலர்களே இல்லை, தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று முதல்முறையாக மாநிலம் முழுக்கப் பகுதி சபாக்கள் கூடின. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் கலந்துகொண்டார்.

அமைப்பு இப்படி: ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்படும். சென்னையில் வார்டுக்குப் பத்து, ஆக 200 வார்டுகளுக்கு 2,000 பகுதிகள். சிறிய ஊர்களில் குறைவு. ஒரு பகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரும் அந்தப் பகுதி சபாவின் உறுப்பினர்கள். பகுதிக்கு ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதிகளும் கவுன்சிலரும் சேர்ந்தது வார்டு குழு, கவுன்சிலர்தான் அதன் தலைவர். எந்த வேலைக்கு முன்னுரிமை, நலத்திட்டப் பயனாளி யார், தெருவிளக்கும் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் எங்கே வர வேண்டும் என்பவை பகுதி சபா பேச வேண்டிய விஷயங்கள்.

கூட்டம் எப்போது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் நான்கு நாட்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. முறையே வாக்காளர் தினம், அம்பேத்கர் பிறந்தநாள், அண்ணா பிறந்தநாள், மனித உரிமை தினம். தேதிகளைச் சொன்னால் நினைவிருக்காது, காரணத்தோடு சொன்னால் நிற்கும்.

நான்கில் முக்கியமானவை டிசம்பரும் ஜனவரியும் என்பது எங்கள் அபிப்பிராயம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, மாநகராட்சி பட்ஜெட் அதற்குச் சற்று முன்னால் வருகிறது, பொறியாளர்கள் வேலைப் பட்டியலும் எஸ்டிமேட்டும் தயார் செய்வது அதற்கும் முன்னால். ஏப்ரல் 14 கூட்டத்தில் போய்ப் புதிய வடிகால் கேட்டால், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே பட்டியல் மூடியிருக்கும்.

அறிவிப்பு வரவில்லை என்றால் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே வார்டு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். சபா நடக்கவில்லை என்றால், ஏன் நடக்கவில்லை என்று கேட்டு எழுதிய கடிதமும் ஒரு பதிவுதான்.

நான் வாடகைக்கு இருக்கிறேன். போகலாமா?

உங்கள் பெயர் அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இருந்தால் சொந்தக்காரருக்கு என்ன உரிமையோ அதே உரிமை. சிக்கல் அந்தப் பட்டியலில்தான். வேலைக்காகச் சென்னைக்கு வந்து பத்து வருடமாக வாடகை கொடுத்துக்கொண்டிருப்பவர் பலருக்கு ஓட்டு இன்னும் ஊரில் இருக்கிறது, தேர்தலுக்குப் பஸ் பிடித்துப் போய் வருகிறார். நகரத்தில் சபா என்று வரும்போது அவர் கணக்கில் இல்லை. முகவரி மாற்றப் படிவம் 8 போதும். ஊர் ஓட்டை விட மனமில்லை என்றால் அது உங்கள் விருப்பம், ஆனால் இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ள முடியாது.

பட்டியலில் பெயர் இல்லாதவர் கூட்டத்தில் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. தீர்மானம், கையெழுத்து என்று வரும்போதுதான் பேச்சு வரும்.

அங்கே என்ன பேசினால் பலன் இருக்கும்?

கூட்டத்தின் பாதி நேரம் சால்வைக்கும் வரவேற்புக்கும் போய்விடும். மிச்ச நேரத்தில் பேச்சு பெரும்பாலும் குப்பை வண்டி வரவில்லை, விளக்கு எரியவில்லை என்ற புகார்களாக இருக்கும். புகாருக்குச் சென்னையில் 1913 என்ற எண் இருக்கிறது, செயலி இருக்கிறது. சபா அதற்கான இடம் இல்லை. நேற்று எரியாத விளக்கைவிட அடுத்த வருடம் வரப்போகும் வேலையைப் பற்றிப் பேசுங்கள்.

சாலையை எடுத்துக்கொள்வோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். மில்லிங் என்று நாம் சொல்கிறோமே, அதுதான். இதற்குப் பிறகும் பல தெருக்களில் மேலேயே போடுகிறார்கள், வீடு பள்ளமாகிறது, மழை உள்ளே வருகிறது. ரோலர் வந்து நின்ற பிறகு சண்டை போட்டால் ஒப்பந்ததாரர், எஸ்டிமேட்டில் மில்லிங் இல்லை என்பார். சபாவில் கேட்க வேண்டியது இது: வரும் ஆண்டில் எந்தெந்தத் தெரு சாலைப் பட்டியலில் இருக்கிறது, எஸ்டிமேட்டில் மில்லிங் சேர்ந்திருக்கிறதா, வடிகாலும் குடிநீர்க் குழாயும் அதற்கு முன்பு முடியுமா. புதுச் சாலையைப் போட்ட இரண்டாவது வாரம் குடிநீர் வாரியம் தோண்டுவதைப் பார்த்து நொந்தவர்களுக்குக் கடைசிக் கேள்வியின் அருமை தெரியும்.

பேசியதெல்லாம் காற்றோடு போகும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் கோரிக்கை எந்த வாசகத்தில் ஏறியிருக்கிறது என்று கூட்டம் கலையும் முன் பாருங்கள். ‘சாலை சீரமைக்கக் கோரப்பட்டது’ என்று எழுதியிருந்தால் தெருப்பெயரையும் மில்லிங்கையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

சபா தீர்மானத்துக்குச் சட்ட மதிப்பு உண்டா?

குறைவுதான். கிராம சபையோடு ஒப்பிட்டால் தெரியும். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு கிராம சபை முன் வந்தாக வேண்டும், ஆண்டுக்கு ஆறு முறை கூட்டம் என்று பழக்கமும் ஏறிவிட்டது. பகுதி சபாவுக்குத் தன் பெயரில் நிதி கிடையாது. அது சொல்வது பரிந்துரை, வார்டு குழு வழியாக மேலே போகும். அதோடு பகுதிப் பிரதிநிதியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநகராட்சி அல்லது நகராட்சி மன்றம் நியமிக்கிறது. நடைமுறையில் கவுன்சிலருக்கு வேண்டியவர் வருகிறார். கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டிய குழுவில் கவுன்சிலர் சொன்ன ஆட்களே இருந்தால் அது எப்படி வேலை செய்யும்? இந்த ஓட்டையை அடைக்காமல் எத்தனை சபா நடத்தினாலும் பாதிப் பலன்தான்.

ஆனாலும் போகத்தான் வேண்டும். பரிந்துரையாக இருந்தாலும் பதிவான தீர்மானம் ஒன்று கையில் இருந்தால் தகவல் உரிமை மனுவிலும் நீதிமன்றத்திலும் அதைக் காட்டலாம். ‘மக்கள் யாரும் கேட்கவில்லை’ என்று அதிகாரி எழுத முடியாது.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கலெக்டர் நடத்துகிறாரே, அது வேறா?

வேறு. அது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ், குறிப்பிட்ட பெரிய திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்துவது. ஆட்சியர் அல்லது அவர் சார்பில் ஓர் உயரதிகாரி தலைமை வகிப்பார். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். கூட்டத்தின் முடிவில், பேசியவற்றின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. பல இடங்களில் அதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது. உட்கார்ந்திருங்கள், வாசிக்கச் சொல்லுங்கள். நேரில் பேச முடியாவிட்டால் எழுத்தில் தந்தாலும் செல்லும்.

நகரவாசிகள் பலருக்குத் தெரியாதது: கட்டுமானத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்களுக்கும் இந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆயிரம் வீடுள்ள அடுக்குமாடி வளாகம் உங்கள் தெருமுனையில் வந்தாலும் கருத்துக் கேட்புக் கிடையாது. அதனால்தான் நில உபயோக மாற்ற விளம்பரத்தைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னோம். அந்த நிலத்துக்கு நீங்கள் பேசக் கிடைக்கும் ஒரே கட்டம் அதுவாக இருக்கலாம்.

கடலோரத்தில் இன்னொன்று உண்டு. கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்களுக்கும் கருத்துக் கேட்பு நடத்த வேண்டும். 2023-ல் தமிழ்நாட்டில் நடந்தபோது மீனவர்கள் எழுப்பிய முக்கிய ஆட்சேபணை, தங்கள் ஊர்களும் வலை உலர்த்தும், படகு நிறுத்தும் இடங்களும் வரைபடத்தில் சரியாக இல்லை என்பது. வரைபடத்தில் இல்லாத இடத்துக்கு நாளைக்குப் பாதுகாப்புக் கேட்க முடியாதல்லவா? பொத்தாம் பொதுவாக எதிர்க்காமல் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசினார்கள். நலச்சங்கங்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஆவணமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே?

பெரிய தடைதான், தற்செயலானதும் இல்லை. 2020-ல் புதிய சுற்றுச்சூழல் அறிவிக்கையின் வரைவை மத்திய அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டபோது, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த முன்னுதாரணத்தைக் காட்டிக் கேட்கலாம். தமிழ் இல்லாத வரைவுக்கு முதல் ஆட்சேபணையாகவே, தமிழில் தந்து கால அவகாசத்தை நீட்டியுங்கள் என்று எழுதுங்கள்.

எங்கள் நலச்சங்கம் நன்றாக இயங்குகிறது. அது போதாதா?

நலச்சங்கங்கள் இல்லாவிட்டால் இந்த அளவுகூட நடந்திருக்காது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஆண்கள். அவர்கள் பட்டியலில் நடைபாதைக் கடை ஆக்கிரமிப்பாக இருக்கும். அந்தக் கடையில் காய் வாங்குகிற வீட்டு வேலைக்காரம்மாவின் பட்டியலில் அது தேவையாக இருக்கும். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் வந்த மத்தியச் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களைத் தேர்தலில் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. பாதிக்கப்படுபவருக்கே நாற்காலி தருவதில் பகுதி சபா விதிகளைவிட அந்தச் சட்டம் எவ்வளவோ மேல்.

நகரத்தின் எதிர்காலம் என்ற பெயரில் அதிகம் இடம் மாற்றப்பட்டவர்கள் கூவம், அடையாறு கரையில் இருந்தவர்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு விளிம்புக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வேலை ஓரிடம், வீடு ஓரிடம், பிள்ளைகளின் பள்ளி இன்னோரிடம். ஆற்றங்கரை அழகாக வேண்டுமா என்று மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். கேள்வியை யாரிடம் கேட்டோம் என்பதைச் சொல்லாமல், மக்கள் கருத்து என்று ஒரு சதவீதத்தை நீட்டினால் நம்பாதீர்கள்.

‘நமக்கு நாமே’ திட்டமும் மக்கள் பங்கேற்புதானே?

1990-களின் கடைசியில் வந்து, 2021-ல் மறுபடி உயிர்பெற்ற திட்டம். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மிச்சத்தை அரசு போடும். பூங்கா, பள்ளிக் கட்டடம், குளம் தூர்வாருதல் போன்றவற்றுக்கு நன்றாகவே உதவியிருக்கிறது. ஆனால் பணம் திரட்ட முடிந்த பகுதிக்குத்தான் வேலை வரும். மூன்றில் ஒரு பங்கு கொடுக்க முடியாத தெருவுக்கும் வடிகால் தேவைதான். வசதி உள்ளவர்கள் பயன்படுத்துங்கள், இதையே ஜனநாயகம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மக்களே பட்ஜெட்டை முடிவு செய்த ஊர் எங்காவது உண்டா?

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே. 1989-ல் தொழிலாளர் கட்சி நகராட்சிக்கு வந்ததும் தொடங்கியது. நகரத்தை 16 வட்டாரங்களாகப் பிரித்து, ஆண்டுதோறும் கூட்டம் போட்டு, முதலீட்டுப் பணம் எதற்கு என்று மக்களும் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் வரிசைப்படுத்தினார்கள். எந்த வட்டாரத்தில் வசதி குறைவோ அதற்குக் கூடுதல் பங்கு என்று கணக்கிலேயே எழுதிவைத்தார்கள். 1988-ல் 75 சதவீதமாக இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு 1997-ல் 98 சதவீதம் ஆனது. ஏழைகள் கூட்டத்துக்கு ஏன் வந்தார்கள் என்றால், போன வருடம் கேட்டது இந்த வருடம் தெருவில் நின்றது. அப்புறம் ஆட்சிகள் மாறின, ஒதுக்கும் பணம் குறைந்தது, 2017-ல் நிறுத்தி வைத்தார்கள்.

பக்கத்தில் கேரளம் 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. புனே மாநகராட்சி 2006 முதல் குடிமக்களிடம் பட்ஜெட்டுக்கு வேலைகள் கேட்கிறது, ஒரு வேலைக்கு 5 லட்சம் ரூபாய் என்ற அளவில். நடைபாதை, பெஞ்சு, பேருந்து நிழற்குடை மாதிரி சின்ன வேலைகள்தான். நம் ஊரில் சபா கூட்டம் இருக்கிறது, அதற்கென்று பணம் இல்லை. வார்டுக்கு ஒரு தொகையை ஒதுக்கி, அதைச் சபா சொல்கிறபடிதான் செலவழிக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி வந்தால் கூட்டத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்காது.

கருத்துச் சொல்லி எதாவது மாறியிருக்கிறதா, அல்லது சும்மாவா?

மாறியிருக்கிறது. மும்பையின் 2034 வளர்ச்சித் திட்ட வரைவு 2015 பிப்ரவரியில் வந்தது. இருக்கிற கட்டடங்களின் மேல் சாலைகளைக் கோடு போட்டிருந்தார்கள், பாரம்பரியக் கட்டடங்கள் பல விடுபட்டிருந்தன. பல்லாயிரக்கணக்கான ஆட்சேபணைகள் குவிந்தன. வரைவு வந்த இரண்டே மாதத்தில் மாநில அரசு, அதைத் திருத்தி எழுதும்படி உத்தரவிட்டது, மறுபடி தயாரான திட்டம் 2018-ல் ஒப்புதலானது. பெங்களூரில் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை 6.7 கிலோமீட்டர் எஃகு மேம்பாலத்தை மக்கள் 2016-ல் மனிதச் சங்கிலி கட்டி எதிர்த்தார்கள், 2017 மார்ச்சில் அரசு கைவிட்டது.

இரண்டிலும் மக்கள் எதையோ நிறுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். வேண்டாம் என்று சொல்லி வெல்வதைவிட, இதுதான் வேண்டும் என்று கேட்டுப் பெறுவது கடினம். அதற்கு நாளும் பொறுமையும் கூட வேண்டும்.

தனி ஆளாக, இந்த மாதமே எதைச் செய்யலாம்?

உங்கள் நகரின் பூங்கா நிலத்தைத் தேடுங்கள். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் தானமாக ஒப்படைக்க வேண்டும், ஓ.எஸ்.ஆர் நிலம் என்பார்கள். வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும், நேரில் போனால் யாரோ ஷெட் போட்டிருப்பார், அல்லது புதர் மண்டியிருக்கும். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு ஒன்று போட்டு, அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபட நகலும் தானப் பத்திரத்தின் எண்ணும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சட்டத்தில் ஆவணத்தைக் கேட்பது மட்டுமில்லை, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கிறது. தானப் பத்திரமே பதிவாகவில்லை என்று பதில் வந்தால் சிஎம்டிஏவுக்கோ டிடிசிபிக்கோ எழுதுங்கள். பதிவாகியிருந்தால் நகலை எடுத்துக்கொண்டு அடுத்த பகுதி சபாவுக்குப் போய், அளந்து வேலி போடச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள்.